தடிமன் குரல்

நான் பிரபலமானது புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது.

ஸ்காபரோவில் மருந்துப் பெட்டிகளை அடுக்கிக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு வெயர்ஹவுஸில் வேலை செய்கிறேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவர் ஒரு பிலிப்பினோப் பெண். என் வயதுக்காரி, வேலையில் என் சூப்பர்வைசர். என்னைக் 'கூயா' என்று கூப்பிடுவார். அவர்களுடைய மொழியில் அது அண்ணை. வேலையில் பிழை விட்டால் மட்டும் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்.

அன்றைக்குச் சாப்பாட்டு அறை ரீவியில் ஒரு வீடியோவைப் போட்டார். "கூயா, எங்கட நாட்டுப் பிள்ளை ஒண்டு பாடுது. கடைசி மட்டும் கேக்கவேணும்" என்றார். ஆங்கிலத்தில்தான் சொன்னார். எனக்கு ஞாபகத்தில் நிற்பது தமிழில்.

மேடையில் ஒரு மெல்லிய பெண். தொடக்கம் பாட்டு மாதிரியே இல்லை. குசினி மேசைக்கு அங்காலிருந்து கதைப்பதுபோல, கீழ்க்குரலில், மூச்சும் சொல்லும் கலந்து வந்தது. பொம்பிளைப் பிள்ளைக்கு இவ்வளவு தடித்த குரலா என்று நினைத்தபடி ஒரு பிடி புட்டை வாயில் வைத்தேன். பல்லவி இரண்டாம் தரம் வந்தது. பின்னணி இசை சட்டென்று ஒரு கட்டை மேலே ஏறியது. அவளும் ஏறினாள். ஏறி நின்று வாயைத் திறந்து ஒரு சுரத்தைப் பிடித்தாள். கீழே கதைத்த அதே தடித்த குரல். மெலியவும் இல்லை, கீச்சிடவும் இல்லை. நெஞ்சுக்குள் இருந்த பாரமான ஒன்றை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மேல்மாடியில் வைத்ததுபோல இருந்தது.

நான் வாயைப் பிளந்தபடி மூச்சை உள்ளே இழுத்தேன். புட்டும் கூடப் போனது. புரைக்கேறி, இருமி, கண்ணாலும் மூக்காலும் தண்ணீர் ஓடியது.

சூப்பர்வைசர் ஃபோனைக் கையில் பிடித்திருந்தது யாருக்கோ மெசேஜ் அனுப்புவதற்கு என்றுதான் நினைத்தேன். அவர் என் முகத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். தங்கள் பாடகிகளை வெளியாட்கள் முதன்முறை கேட்கும்போது முகம் என்ன பாடுபடுகிறது என்று பார்ப்பதில் பிலிப்பினோக்களுக்குப் பெரிய விருப்பம். அதற்கென்றே உலகமெல்லாம் ஆட்கள் வீடியோ போடுகிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. "போடட்டோ கூயா?" என்று கேட்டார். "போடுங்கோ, ஆர் பாக்கப்போகினம்" என்றேன்.

நிறையப் பேர் பார்த்தார்கள். அடுத்த நாள் பின்னேரம் நான் ரூஜ் பகுதியில் உள்ள எங்கள் வீட்டுக் கதவைத் திறக்க, மகள் படிக்கட்டில் நின்றாள்.

"அப்பா, வை ஆர் யூ க்ரையிங் ஆன் த இன்ரர்நெற்?"

அழவில்லை, புரைக்கேறியது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள் வீடியோவுக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்தவற்றை வாசித்துக் காட்டினாள். 'இந்த அங்கிளின் இதயம் சுத்தமானது.' 'பாஷை தெரியாமலே ஆத்மாவால் கேட்டிருக்கிறார்.' 'கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக.' ஒரேயொருவர்தான் வாயிலிருந்து விழுந்த வெள்ளைச் சாமான் என்ன என்று கேட்டிருந்தார். ஐம்பத்தைந்து வயதுவரை என்னுடைய ஆத்மாவைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. "ஓம், அழுதுபோட்டன்" என்றேன். புட்டுப் பாதி, பாட்டுப் பாதி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

மனுசி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வீடியோவை முழுவதும் பார்த்தா. பிறகு அந்தப் பெண் பாடியதைத் தனியாகத் தேடிப் பார்த்தா.

"உது பாட்டோ? ஆரோ காலை மிதிச்சுப்போட்டு எடுக்காமல் நிக்கிற மாதிரியெல்லே கத்துறாள். பொம்பிளைக் குரல் எண்டா நூல் மாதிரி இருக்கவேணும். ஊசிக்கண்ணுக்குள்ளால போகவேணும்."

மனுசி சொன்னது எங்கள் எல்லோருடைய கட்சியும்தான். நாங்கள் கேட்டு வளர்ந்த பாட்டுகளில் கதாநாயகிக்கு என்ன வயதானாலும், மூன்று பிள்ளை பெற்றிருந்தாலும், பாடும்போது பன்னிரண்டு வயதுதான். குரல் உயரத்தில் மெல்லியதாக, இனிப்பாக, காற்றில் பறக்கிற மாதிரிப் போகும். தடித்த குரலில் ஒருத்தி பாடினால் படத்தில் அவள் வில்லி, அல்லது குடித்திருக்கிறாள். பிலிப்பினோக்களுக்கு இது நேர்மாறு. கீழே தடித்துத் தொடங்கவேண்டும், மேலே போகப்போகத் தடிப்புக் குறையக்கூடாது. அந்தக் கடைசி உச்சத்துக்கு 'பிரிற்' என்று ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் சம்பல் இல்லாத இடியப்பம்தான்.

இதையெல்லாம் நான் பிறகு படித்தேன். படித்த கையோடு படிப்பிக்கவும் தொடங்கினேன்.

பேஸ்மன்ரில் அரிசிச் சாக்குகளை மனுசியின் பழைய சாறியால் மறைத்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு பிலிப்பினோப் பாடகியைக் கேட்டு வியாக்கியானம் செய்தேன். 'இது செஸ்ற் வொய்ஸ். இப்ப ஹெட் வொய்ஸுக்கு மாறுறா. கவனியுங்கோ, அடிவயித்தில இருந்து எடுக்கிறா.' அடிவயிறு எனக்கு எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்துக் கூட்டுப்பாட்டில் 'நீர் வாயை மட்டும் அசையும்' என்று வாத்தியாரால் நிறுத்தப்பட்டவன் நான். முதல் வீடியோவுக்குப் பிறகு கண்ணீரும் வரவில்லை. வராத இடங்களில் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது என்ற உத்தியைக் கண்டுபிடித்தேன். அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. ஒருமுறை நடுவில் வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் இரைந்து தொடங்கியதை ஒரு ரசிகர் பாடகியின் மூச்சு என்று நினைத்துப் பாராட்டினார். நான் திருத்தவில்லை.

பனி உருகத் தொடங்கிய நாட்களில் ஒரு மத்தியானம் சூப்பர்வைசர் சொன்னார்:

"கூயா, எங்கட சங்கத்தில பொம்பிளையளுக்குப் பாட்டுப் போட்டி வைக்கிறம். நீங்கள் ஒரு ஜட்ஜ்."

"எனக்கென்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும் எண்டு வீடியோவில நீங்கள்தானே சொல்லுறீங்கள்."

புட்டுப் பெட்டியை மூடிவிட்டுத் திகதியைக் கேட்டேன். உள்ளுக்குள் சந்தோசமாகவும் இருந்தது.

"தனியப் போய்ச் சனம் சிரிக்க நடக்கவேண்டாம், நானும் வாறன்" என்று மனுசியும் வெளிக்கிட்டா. போட்டி பிக்கரிங்கில் ஒரு தேவாலய மண்டபத்தில். வாசலிலேயே ஒருவர் இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் எங்கள் ரோல்ஸின் மெலிந்த தம்பி போன்ற ஒன்றைத் தட்டில் வைத்துத் தந்தார். மனுசி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு இன்னும் இரண்டு எடுத்தா. என்னைக் கொண்டுபோய் முன்வரிசை மேசையில் இருத்தினார்கள். ஒரு பக்கம் அவர்களுடைய பாடற்குழுத் தலைவி, மறுபக்கம் கீபோர்ட் வாசிக்கிற ஒரு பெரியவர், நடுவில் கல்யாணக் கோட்டோடு நான்.

எங்கள் ஆட்களின் மண்டபங்களில் பிள்ளை பாடும்போது சனம் கதைக்கும், சாப்பிடும், முடிந்ததும் கை தட்டும். இங்கே கேட்கிறவர்களும் வேலை செய்தார்கள். பாடுகிறவள் உச்சத்துக்கு ஏறத் தொடங்க, பெண்கள் உள்ளங்கையை மேலே காட்டிக் கையை உயர்த்தினார்கள். அவளைக் கீழிருந்து தூக்கி விடுகிறவர்கள் மாதிரி. அவள் போய்ச் சேர்ந்ததும், சுரம் முடியமுதலே, மண்டபம் முழுவதும் கூவியது.

பாட வந்தவர்கள் எல்லோரும் அந்த உச்சத்துக்கு ஏறினார்கள். அவர்களில் ஒருவர் சிவப்புச் சட்டை போட்ட கட்டையான பெண், சலூனில் தலைமுடி வெட்டுகிறவர் என்று அறிவித்தார்கள். அவருடைய குரல் வந்து மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் தொட்டது என்றே சொல்லுவேன். திரும்பிப் பார்த்தேன். மனுசி எழும்பி நின்றுகொண்டிருந்தா. கால் உளைகிறதாக்கும் என்று நினைத்தேன்.

ஆனால் எனக்கு அதற்குள் காது இரையத் தொடங்கிவிட்டது. வீடியோ என்றால் சத்தத்தைக் குறைக்கலாம். இங்கே குறைக்கிற பொத்தான் இல்லை.

கடைசியாக ஒரு இளம்பெண் வந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை. அந்த உடுப்புக்கு மேலேயே ஒரு ஜக்கெற்றைப் போட்டிருந்தாள். பின்னணி இசை வேண்டாம் என்று சொல்லி, ஒரு கிற்றாரை மட்டும் வைத்துக்கொண்டு தங்கள் மொழியில் ஒரு தாலாட்டைப் பாடினாள். சின்னக் குரல். சில இடங்களில் குரலே இல்லை, மூச்சு மட்டும்தான் போனது. மற்றவர்கள் ஏறிய இடங்களில் அவள் மெல்ல இறங்கினாள். நூல் மாதிரி இருந்தது. ஒருவரும் கையை உயர்த்தவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், இந்த முறை தேவை இருந்தது.

அவளுக்குத் தொண்ணூற்றெட்டுப் போட்டேன். சிவப்புச் சட்டைக்கு எழுபத்திரண்டு. மற்ற இரண்டு நடுவர்களும் ஒருவரையும் நோகடிக்காமல் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே புள்ளி கொடுத்திருந்தார்கள். ஆகவே என்னுடைய பேனைதான் தீர்ப்பு எழுதியது.

ஒவ்வொரு நடுவரும் போட்ட புள்ளிகளை வாசித்து, கடைசியில் தாலாட்டுப் பாடிய பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். அவள் தனக்குப் பின்னால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு மரியாதையான ஒரு கைதட்டல் வந்தது. அறிவிப்பாளர் மைக்கை என்னிடம் நீட்டி, ஏன் என்று சொல்லச் சொன்னார். பேசாமல் இருந்திருக்கலாம். எங்கள் பண்பாட்டில் பெண்ணின் குரல் தேன் நூல் என்றேன். மௌனத்தையும் ஒரு சுரமாகப் பாடத் தெரிந்தவள் இவள் என்றேன். "மற்ற எல்லாரும் கூரையைப் பாத்துப் பாடிச்சினம், இவ ஒரு குழந்தையைப் பாத்துப் பாடினா" என்று முடித்தேன். பின்வரிசையில் உண்மையிலேயே ஒரு குழந்தை அழத் தொடங்கியது. தாய் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

பிறகு அந்தப் பெண் கோப்பையைக் கட்டிப்பிடித்தபடி என் மேசைக்கு வந்தாள். காதுக்குக் கிட்டக் குனிந்தால்தான் அவள் பேசுவது கேட்டது.

"தாங்க்யூ கூயா. எனக்கு ஒரு கிழமையாத் தடிமன். தொண்டை அடைச்சுப்போச்சு. பெரிய பாட்டு ஒண்டு பாடமாக்கி வைச்சிருந்தன், பிரிற் எல்லாம் உள்ளது. காலமை எழும்பினால் சத்தமே வரேல்லை. அம்மா ஊரில இருந்து ஃபோனில பாத்துக்கொண்டிருக்கிறா, வராமல் விடவும் ஏலாது. அதுதான், வேலையில வயசானவைக்குப் பாடுற தாலாட்டைப் பாடினனான். அதுக்குத்தான் சத்தம் தேவையில்லை."

மேசையில் இருந்த தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அவளிடம் நீட்டினேன்.

"சுகமா இருந்திருந்தால் அந்தச் சிவப்புச் சட்டை அக்காவை வெல்லப் பாத்திருப்பன்."

"வெண்டிட்டீரே, பிள்ளை."

"ஓம். அதுதான் எனக்கும் விளங்கேல்லை" என்றாள்.

சிவப்புச் சட்டை அக்கா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். நான் ஏச்சுக்குத் தயாரானேன். அவர் ஃபோனை நீட்டி என்னோடு ஒரு செல்ஃபி எடுத்தார். "அடுத்த முறை நானும் தடிமனோட வாறன் கூயா" என்று சொல்லி என் தோளில் தட்டினார். அந்தத் தட்டும் அடிவயிற்றில் இருந்துதான் வந்தது.

முடிவில் முதற்பரிசு எடுத்தவர் இன்னொரு தரம் பாடுவது அவர்களின் வழக்கம். அவள் தொண்டையைக் காட்டிக் கையை விரித்து, மைக்கைச் சிவப்புச் சட்டையிடம் கொடுத்தாள். அதற்குப் பிறகு அந்த மண்டபம் மண்டபமாக இல்லை. எங்கேயென்று தேடினேன், மனுசி முன்வரிசைக்கு வந்துவிட்டா. ஒரு கையில் ரோல், மறுகை மேலே, உள்ளங்கை கூரையைப் பார்த்தபடி.

காரில் ஏறிப் பெல்ற்றைப் போட்டதும் தொடங்கினா.

"உங்களுக்கு என்ன விசரோ?"

"நீர்தானே நூல் மாதிரி இருக்கவேணும் எண்டு சொன்னனீர்."

"அது வீட்டில இருந்து கேக்கேக்க. அந்த மனுசி முன்னால நிண்டு பாடேக்க இஞ்ச வந்து இடிச்சது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினா. "உங்களுக்கு இடிக்கேல்லையோ?"

"இடிச்சதுதான்."

"பிறகேன் எழுபத்திரண்டு?"

கிங்ஸ்ரன் வீதி வெளிச்சங்கள் எல்லாம் அன்றைக்கு எங்களுக்குச் சிவப்பாகவே இருந்தன. பதில் யோசிக்க வேண்டிய அளவு நேரம் கிடைத்தது. மாதக்கணக்காகத் தடித்த குரலைப் புகழ்ந்து ஊர் பேர் தெரியாதவர்களிடம் ஆசீர்வாதம் வாங்கியவன், கையில் பேனை கிடைத்ததும் வீட்டில் ரேடியோவில் கேட்ட குரலுக்கே புள்ளி போட்டிருக்கிறேன். அதுவும் அந்தக் குரல் உண்மையில் அங்கே இருக்கவில்லை. மூக்கடைப்பைத்தான் நான் தேன் என்று நினைத்திருக்கிறேன். இதை மனுசிக்குச் சொல்லவில்லை. "பசிக்குது" என்றேன்.

திங்கட்கிழமை வேலையில் சூப்பர்வைசர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெட்டிகள் எல்லாம் சரியாகத்தான் அடுக்கியிருந்தேன். ஒரு கிழமை அப்படி இருந்தது. அதற்குப் பிறகு மெல்லக் கூயா திரும்பி வந்தது. பேஸ்மன்ரில் ஹெட்ஃபோனை மாட்ட எனக்கு மனம் வரவில்லை. சாறியைக் கழற்றி மடித்துக் கொடுத்தேன். அரிசிச் சாக்குகள் பழையபடி வெளியே தெரிந்தன.

கொஞ்ச நாள் கழித்து, அந்தத் தாலாட்டுப் பெண் தன் சுகமான குரலில் பாடிய பாட்டொன்றைச் சூப்பர்வைசர் மூலம் எனக்கு அனுப்பினாள். அன்றைக்குப் பாட இருந்த பெரிய பாட்டு. வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே இருந்து கேட்டேன். குரல் அகலமாக, அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிப்பாக, பிசகில்லாமல் ஏறியது. ஒரு குறையும் சொல்ல முடியாது. முடிந்ததும் இன்னொரு தரம் கேட்டேன். எனக்குத் தடிமன் பிடித்திருந்த குரல்தான் பிடித்தது. இதை நோயாளியிடம் ஒருவேளை சொல்லலாம், சுகமானவளிடம் எப்படிச் சொல்வது? 'பியூட்டிஃபுல்' என்று எழுதி அனுப்பினேன்.

உள்ளே போய், பாடுவது யார் என்று சொல்லாமல் மனுசிக்குப் போட்டுக் காட்டினேன். அவ கறி அடுப்பைக் குறைத்துவிட்டு, அகப்பையைக் கையில் பிடித்தபடி, கடைசி மட்டும் நின்று கேட்டா.

"ஓம்" என்றா. "உந்தப் பிள்ளைக்கெண்டால் முதற்பரிசு குடுக்கலாம்."