ராத்திரிச் சோற்றை விட்டவன்

இட்லியை அரிசியில்தான் செய்கிறார்கள் என்பது எனக்கு ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. நெல் விளையும் ஊரில் பிறந்து, பாபநாசத்தில் உரக்கடை வைத்து, எந்த வயலுக்கு எந்த ரகம் போடலாம் என்று ஊருக்கே புத்தி சொல்கிற ஆள் நான். இதையும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஒரு டாக்டரம்மா, என் மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்டுபிடித்துக் கொடுத்தார்.

தலை சுற்றுகிறது என்று தஞ்சாவூரில் அவரிடம் போயிருந்தோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "சுகர் இன்னும் வரல சார். வாசல் வரைக்கும் வந்து நிக்குது. இப்பவே அரிசியக் குறைச்சு, காய்கறியக் கூட்டி, தினம் நடந்தீங்கன்னா மாத்திரை இல்லாமலே திருப்பி அனுப்பிடலாம். மூணு மாசம் கழிச்சு வாங்க, பாப்போம்," என்றார்.

எனக்கு நிம்மதி. வாசலில் நிற்பவரிடம் நாலு வார்த்தை நல்லதாகப் பேசி அனுப்பிவைக்க எனக்குத் தெரியாதா?

மனைவிக்கு அந்த நிம்மதி வரவில்லை. என் அப்பாவுக்குச் சர்க்கரை. கடைசி வருடங்களில் காலில் ஆறாத புண். தினமும் அதைக் கழுவிக் கட்டுப் போட்டது அவள்தான். அந்த நேரம் பார்த்து எனக்குக் கடையில் அவசர வேலை வந்துவிடும். அன்று திரும்பும் பஸ் அய்யம்பேட்டையைத் தாண்டும்போது, அவள் ஜன்னலைப் பார்த்தபடியே, "இன்னொரு தடவ என்னால முடியாதுங்க," என்றாள்.

அந்த ஒரு வரியில் ஆடிப்போய், பஸ்ஸிலேயே முடிவெடுத்தேன். இனிமேல் ராத்திரியில் சோறு கிடையாது.

எங்கள் வீட்டில் கிருத்திகை, அமாவாசை என்றால் ராத்திரி பலகாரம்தான். இட்லி, இடியாப்பம், அடை, அரிசி உப்புமா. அதற்குப் பெயர் விரதம். மற்ற நாளைவிட வயிற்றுக்குள் கூடுதலாகவே போகும். ஆனாலும் சோறு தொடவில்லை அல்லவா, அதனால் மறுநாள் காலையில் முகத்தில் ஒரு பட்டினிக் களை இருக்கும். டாக்டரம்மா சொன்னதை நாங்கள் இரண்டு பேரும் இந்த வழியில்தான் புரிந்துகொண்டோம். தினமும் கிருத்திகை. அவள் பக்தியோடு இரண்டு மடங்கு ஊறப்போட்டாள். கிரைண்டருக்கு ஓய்வே இல்லை. நானும் பக்தியோடு தட்டு முன்னால் உட்கார்ந்தேன். காய்கறியைக் கூட்டச் சொன்னாரே என்று சாம்பாரில் இரண்டு முருங்கைக்காய் கூடுதலாக மிதந்தது.

நடையையும் விடவில்லை. விடிந்ததும் குடமுருட்டிக் கரையில் கையை வீசிக்கொண்டு நடப்பேன். நடை எங்கே முடிய வேண்டும் என்பதை மட்டும் டீக்கடைக்காரர் வாணலியை எங்கே வைத்திருக்கிறாரோ அது முடிவு செய்யும். டீயில் சர்க்கரை வேண்டாம் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டு, மெதுவடையை மெதுவாகச் சொல்வேன்.

இதற்குள் நான் ஒரு பிரசங்கியாக மாறியிருந்தேன். உரம் வாங்க வந்தவர்கள் யூரியாவோடு என் உபதேசத்தையும் சுமந்து போனார்கள். பக்கத்துச் செருப்புக்கடை பாய் மட்டும் சுமக்க மறுத்தார். கூத்தாநல்லூர்க்காரர், துபாயில் பல வருடம் இருந்துவிட்டு வந்தவர்.

"ராத்திரிச் சோற விட்டுப் பாருங்க பாய். உடம்பு பஞ்சு மாதிரி ஆயிடும்."

"பாத்தா பஞ்சு மூட்டை மாதிரிதான் இருக்கு. அப்ப என்னதான்ணே சாப்பிடுறீங்க?"

"இட்லி, இடியாப்பம், இப்படி லேசா ஏதாவது."

பாய் என் வயிற்றைப் பார்த்தார். "நோன்புல நாங்க கஞ்சி குடிக்கிறோம். அரிசின்னு தெரிஞ்சே குடிக்கிறோம். நீங்க சோறதானே விட்டீங்க? அரிசிய எங்கண்ணே விட்டீங்க?"

"உங்களுக்குப் பொறாமை பாய்," என்று சொல்லிவிட்டுக் கல்லாவுக்குத் திரும்பிவிட்டேன்.

மூன்று மாதம் ஆனதும், பரீட்சையில் முதல் மார்க் வாங்கப்போகிற பையன் மாதிரி தஞ்சாவூர் போனேன். டாக்டரம்மா ரிசல்ட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் ரிசல்ட்டைப் பார்த்தார்.

"ஏறியிருக்கே சார். வாசல்ல நின்னது உள்ள வந்து உக்காந்துடுச்சு. ராத்திரி என்ன சாப்பிடுறீங்க?"

"சோறே தொடுறதில்ல டாக்டர்."

"சரி. எதத் தொடுறீங்க?"

"இட்லி."

"எத்தன?"

நான் மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தேன். மனைவி பதில் சொன்னாள். "சட்னி தீந்தா நிறுத்துவாரு டாக்டர்."

டாக்டரம்மா சிரிக்காமல் அவள் பக்கம் திரும்பினார். "இட்லிய எதுலம்மா செய்யறீங்க?"

"அரிசியும் உளுந்தும்..." என்று ஆரம்பித்த என் மனைவி சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல வேளை, அவள் முகத்தைப் பார்த்தேன். இந்த மூன்று மாதமும் அவளே அரைத்து, அவளே வேகவைத்து, அவளே பரிமாறியது அவள் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது. என் சிரிப்பு பாதியிலேயே நின்றது.

மாத்திரை ஆரம்பமாகிவிட்டது. "மாத்திரை போடுறோம்னு பழையபடி சாப்பிட்டா இதுவும் கேக்காது. தட்டுல பாதி காய், கீரை. இட்லியோ சோறோ, எதுவா இருந்தாலும் அளவோட. சாப்பிட்டதும் கொஞ்ச தூரம் நடங்க," என்றார் டாக்டரம்மா.

அன்று ராத்திரி தட்டில் அவரைக்காய்ப் பொரியல் மலை மாதிரி இருந்தது. பக்கத்தில் கீரை. ஓரத்தில் இரண்டு இட்லி, வழி தவறி வந்தவை மாதிரி உட்கார்ந்திருந்தன. அவள் தட்டிலும் அதேதான். அவள் தலையைக் குனிந்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. சிரிக்கவைத்துவிடலாம் என்று பார்த்தேன்.

"கழுத்துல ஒரு மணியையும் கட்டிவிடேன். கரையோரமா மேய்ஞ்சுட்டு வந்துடுறேன். அப்படி என்ன பெரிய வியாதி? ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கு. எனக்கு வந்தத நான் பாத்துக்கிறேன்."

அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க எங்க பாத்துக்கப்போறீங்க? உங்களுக்கு நோவு வந்தா நீங்க படுத்துக்குவீங்க. கட்டுத் துணியோட எந்திரிச்சு ஓடப்போறவ நான்."