மதிய வகுப்பில் ஒரு ‘புட் அப் வித்’

2006 வாக்கில் நடந்தது இது. அப்போது நாங்கள் புதுச்சேரியில் சாரம் பகுதியில் குடியிருந்தோம். மகளை கான்வென்ட்டில் சேர்த்த புதிது. பேரன்ட்ஸ் மீட்டிங்குக்குப் போனால் மிஸ் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளுவார். நான் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வருவேன். “மிஸ் இன்னாம்மா சொன்னாங்க?” என்று வெளியே வந்ததும் மகள் கேட்பாள். அவமானமாக இருக்கும். அதற்காகவே பக்கத்துத் தெருவில் நடந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன்.

எங்கள் ஊரில் மதியம் ஆனால் கடைகளை இழுத்து மூடிவிட்டு, சாப்பிட்டுத் தூங்கப் போய்விடுவார்கள். சாயங்காலம்தான் திறப்பார்கள். பிரெஞ்சுக்காரன் போயும் அந்தத் தூக்கம் மட்டும் போகவில்லை. கடைகளில் வேலை செய்யும் பெண்களும் வரட்டும் என்று டீச்சர் அந்த நேரத்தில்தான் வகுப்பு வைத்திருந்தார். அவரை எல்லோரும் மதாம் என்போம். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம், பிள்ளைகள் எல்லாம் பிரான்சில். மாடியில் தன் வீட்டு ஹாலிலேயே பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு நடத்துவார்.

மதாம் தினம் ஒரு வார்த்தையை போர்டில் எழுதுவார். அர்த்தம் சொல்வார். அப்புறம் ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். புத்தகத்தில் இருப்பதைச் சொன்னால் செல்லாது. “உங்க சொந்தக் கதையில இருந்து வரணும். பொய் சொன்னா எனக்குத் தெரிஞ்சிடும்” என்பார். ஹாலுக்குள் தமிழ் பேசக்கூடாது என்பது இன்னொரு சட்டம். வாயாடி நான், வாயைக் கட்டிப் போட்ட மாதிரி திண்டாடினேன்.

என் பக்கத்து நாற்காலியில் ஓர் அக்கா. கடற்கரைப் பக்கம், வெள்ளைக்காரர்கள் தோல் பையும் ஊதுவத்தியும் வாங்குகிற ஒரு கடையில் பொருள்களை மடித்து அடுக்கும் வேலை. ஆங்கிலம் பேசினால் கவுன்ட்டரில் நிற்க வைக்கிறேன், சம்பளமும் கூட்டித் தருகிறேன் என்று முதலாளி சொல்லியிருந்தாராம். இரண்டு பிள்ளைகள். கத்திரி வெயிலிலும் முழங்கை தாண்டிய ரவிக்கைதான் போடுவார். அதிகம் பேசமாட்டார். வீட்டுக்காரரை எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஏதோ அலுவலகத்தில் வேலை. தேய்த்த சட்டை, நெற்றியில் விபூதி, யாரைப் பார்த்தாலும் ஒரு கும்பிடு. தங்கமான மனுஷன் என்று பேர்.

ஒருநாள் மதாம் ‘புட் அப் வித்’ என்று எழுதினார். நோட்டீஸ் ஒட்டுவதும் புட் அப்தான், விருந்தாளியைத் தங்க வைப்பதும் புட் அப்தான், ஆனால் பின்னால் ஒரு ‘வித்’ சேர்ந்தால் பொறுத்துக்கொள்வது என்று விளக்கினார். டாலரேட், பேர், என்ட்யூர், ஸ்டாண்ட் என்று அதே அர்த்தத்தில் நாலு வார்த்தைகளைப் புத்தகத்திலிருந்து வாசித்தார். “இதுக்கு மட்டும் தமிழ் பேசலாம். உங்க ஊட்ல இதை எப்படியெல்லாம் சொல்வீங்க?” என்றார்.

கேட்டாரே ஒரு கேள்வி! பொறுத்துக்கிறது, சகிச்சிக்கிறது, அனுசரிச்சுப் போறது, பல்லைக் கடிச்சிக்கிறது, கண்டும் காணாம இருக்கிறது, வாயை மூடிக்கிறது, தலையெழுத்துன்னு இருக்கிறது என்று ஆளாளுக்குக் கொட்டினோம். “மோன் தியே! கடவுளே! புத்தகத்துல நாலுதான் இருக்கு, உங்ககிட்ட ஒரு கடையே இருக்கே!” என்று மதாம் தலையில் கை வைத்துக்கொண்டார்.

பிறகு வாக்கியம். ஒருத்தி கொசுவைச் சொன்னாள், இன்னொருத்தி கரண்ட் கட்டைச் சொன்னாள். நான் மாமியார் பார்க்கும் சீரியலைச் சொன்னேன். ஒரே சிரிப்பு. அக்காவின் முறை வந்தது. எழுந்து நின்றார்.

“ஐ புட் அப் வித் மை ஹஸ்பண்ட். நைன் இயர்ஸ். ஹி பீட் மீ. நவ், நோ புட் அப்.”

சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அந்த நீளக் கை ரவிக்கை எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மதாம் சாக்பீஸை வைத்துவிட்டு அருகில் வந்தார். தன் சட்டத்தைத் தானே மீறித் தமிழில் கேட்டார்.

“எங்கம்மா போவ? ஆள் இருக்கா?”

“காலாப்பட்டுல எங்க அக்கா இருக்கு மதாம். புள்ளைங்களுக்குப் பரீட்சை முடியட்டும்னு இருந்தேன். முடிஞ்சிடுச்சி. நாளைக்குக் காலைல அக்கா வந்து அதுங்கள அழைச்சிட்டுப் போவுது. கிளாஸ் முடிச்சிட்டு நானும் போறேன்.”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா” என்றேன் நான்.

“தமிழ்ல சொல்ல வந்தா அழுதுடுவேன்ம்மா. இதுல வார்த்தையத் தேடுறதுலயே அழுகை நின்னுடுது.”

இத்தனை நாளாகப் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் கடன் கேட்ட மனுஷி, மனசுக்குள் இப்படி ஒரு கணக்குப் போட்டு, பிள்ளைகளின் பரீட்சை வரை காத்திருந்திருக்கிறார். நானாக இருந்தால் ஊரைக் கூட்டியிருப்பேன், காரியம் ஒன்றும் நடந்திருக்காது.

மறுநாள் அக்கா ஒரு துணிப் பையோடு வகுப்புக்கு வந்தார். பிள்ளைகள் காலையிலேயே பெரியம்மாவோடு போய்விட்டார்கள். ஆனால் யாரோ அவர் வீட்டுக்காரரிடம் பற்ற வைத்துவிட்டார்கள். பாதி வகுப்பில் வாசலில் வந்து நின்றார். அதே தேய்த்த சட்டை, அதே கும்பிடு.

“சொந்தக் கதையெல்லாம் இங்கிலீஷ்ல சொல்றியாமே. சொல்லு, நானும் கேக்கறேன்” என்றார், சிரித்தபடி.

அக்கா எழுந்தார். நேற்றுச் சொன்ன அதே வாக்கியங்களை, அதே தப்புகளோடு, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

அந்த மனிதர் கடகடவென்று சிரித்தார். “இதுக்குத்தான் இத்தனை நாள் கிளாஸா? எங்க ஆபீஸ் பியூன் இதைவிட நல்லா பேசுவான். ஒரு வார்த்தையாச்சும் ஒழுங்கா இருக்கா? நட வீட்டுக்கு.”

“தப்பாவே இருக்கட்டும்” என்றார் அக்கா, இந்த முறை தமிழில். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. “உங்களுக்குப் புரிஞ்சிடுச்சி இல்ல? அது போதும்.”

அந்த மனிதரின் முகம் செத்துப்போனது. ஒரு காலை உள்ளே எடுத்து வைத்தார். அதற்குள் மதாம், “அலே, அலே!” என்று கோழி விரட்டுவதுபோல் கையை வீசிக்கொண்டு வாசலை மறித்தார். நாங்கள் எல்லோரும் எழுந்துவிட்டோம். என் வாய் சும்மா இருக்குமா? “இன்னா சார், எங்க எதிர்லயே கை வைக்கப் போறீங்களா? வையுங்க, பாக்கலாம்!” என்று கத்தினேன். மதியத் தூக்கம் கலைந்து எதிர்வீட்டு மாடியில் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவ்வளவுதான், தங்கமான மனுஷன் படியிறங்கிப் போய்விட்டார்.

அக்காவைத் தனியே அனுப்ப எங்களுக்கு மனசில்லை. மதாமும் நானும் கூடவே பஸ்ஸில் காலாப்பட்டு வரை போனோம். ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் அக்கா அழுதார். மதாம் அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

அதன் பிறகும் அந்த ஆள் இரண்டொரு முறை காலாப்பட்டில் போய் நின்றிருக்கிறார். அக்கா மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகுதான் அடங்கினார். அக்காவுக்குக் கவுன்ட்டர் வேலையும் கிடைத்தது. ஒருமுறை அந்தக் கடைக்குப் போனேன். ஒரு வெள்ளைக்காரி பையைக் கையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறாள், அக்கா அரைகுறை ஆங்கிலத்தில் அசைந்து கொடுக்காமல் நிற்கிறார். கடைசியில் சொன்ன விலைக்கே விற்றார். குட்டைக் கை ரவிக்கை போட்டிருந்தார்.

இன்றைக்கும் எந்தப் பெண்ணாவது வந்து வீட்டில் அடி வாங்குவதைச் சொன்னால், ‘கொஞ்சம் அனுசரிச்சுப் போம்மா’ என்ற பேச்சு என் வாயில் வருவதில்லை. ‘எங்க போகணும் சொல்லு, நானும் கூட வரேன்’ என்றுதான் வருகிறது, அதை எனக்குள் போட்டுவிட்டுப் போனவர் அந்த அக்காதான்.