தறிச் சத்தத்துக்குள் பேசியவர்கள்

போன மாதம் மதுரையிலிருந்து வந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் சேத்தூர் பஸ்ஸுக்கு மாறினேன். முன்சீட்டில் ஓர் அம்மாள் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். நாலு சீட் தள்ளி இன்னொரு அம்மாள். இருவரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டே வந்தார்கள், சத்தமே இல்லை. கண்டக்டர் டிரைவரிடம், "ஊமைங்க போல, பாவம்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த ஊமைகளில் ஒருத்தி அப்போது கண்டக்டரின் தொப்பையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

தறிக்காரிகள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, நானும் தறிக்காரி பெற்ற பிள்ளைதானே. சொல்லப்போனால் நான் அன்றைக்குப் புறப்பட்டு வந்ததே அந்தப் பேச்சுக்காகத்தான். சேத்தூரில் வாக்கப்பட்ட என் அக்கா ஒரு பக்கம் கை கால் விழுந்து படுத்துவிட்டாள். காது அவளுக்கு ஏற்கெனவே போய்விட்டது. அவள் மகள் போனில் அழுதாள். "அம்மா எதையோ திரும்பத் திரும்பச் சொல்லுதா மாமா. எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. ஒங்களுக்குன்னா புரியும், செத்த வந்துட்டுப் போங்க."

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கிறது. மொட்டை மாடியில் ஏறினால் மேற்கே மலை தெரியும், மலையைத் தாண்டினால் கேரளா. மழை அந்தப் பக்கமே பெய்து தீர்த்துவிடும். எங்களுக்கு மேகம் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். மானாவாரிக் காட்டில் வெள்ளாமை கைவிட்ட பிறகு, உயரமும் நெஞ்சளவும் வாய்த்தவர்கள் பட்டாளத்துக்கும் போலீசுக்கும் போனார்கள். கால் வலு உள்ளவர்கள் மலை தாண்டி ரப்பர் தோட்டத்துக்குப் போனார்கள். எதுவும் வாய்க்காதவர்களுக்குத் தறி. ஊர் முழுக்க நெய்தது பேண்டேஜ் துணி. நாட்டில் எவனுக்கு அடிபட்டாலும் எங்களுக்குச் சோறு. எங்கள் வீட்டில் காப்பி வடிகட்டுவதும் அதில்தான், ஜன்னல் திரையும் அதுதான். நான் மூக்குச் சிந்தியதும் அதில்தான்.

தறிச் செட்டுக்குள் நுழைந்தால் இழைக்குள் ஓடுகிற நாடாக்கட்டை அடிக்கிற அடியில் பக்கத்தில் நிற்பவன் கத்துவதுகூடக் கேட்காது. அதனால் யாரும் கத்துவதில்லை. உதட்டிலேயே பேசிக்கொள்வார்கள். குழம்பு, மாமியார், வயிற்றுவலி, பக்கத்து வீட்டுச் சண்டை எல்லாம் உதட்டிலேயே ஓடும். மத்தியானம் தூக்குவாளி கொண்டுபோகிற பிள்ளைகளுக்கும் அது தானாகப் படிந்துவிட்டது. இன்றைக்கும் கல்யாண மண்டபத்தில் எந்த மூலையில் எவர் சாம்பாரைத் திட்டினாலும் எனக்குத் தெரிந்துவிடும். ஒரே ஒருமுறை என்னைத் திட்டியதும் தெரிந்துபோயிற்று.

அப்பாவும் அம்மாவும் இதைத்தான் மறந்துபோனார்கள். பிள்ளைகளுக்குத் தெரியக்கூடாத சங்கதி என்றால் வீட்டிலும் உதட்டால் பேசிக்கொள்வார்கள், எங்கள் தலைக்கு மேலேயே. சத்தம் இல்லாவிட்டால் ரகசியம் என்று நினைப்பு. அக்கா பத்தாவது பாஸான சமயம். நாங்கள் இரண்டு பேரும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம்.

அம்மாவின் உதடு, "அவ டீச்சருக்குப் படிக்கணும்ங்கா" என்றது.

அப்பா, "ரெண்டு பேத்தையும் படிக்க வைக்க ஏலாது. பய படிக்கட்டும். இவள தறிக்கு விட்டுருவோம்" என்றார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கை சோற்றில் அப்படியே நின்றது. என் பக்கம் திரும்பி உதட்டை மட்டும் அசைத்தாள். "பாக்காத மாதிரி தின்னுலே."

மறுநாள் அம்மா வாய்விட்டு அதைச் சொன்னபோது, அக்கா புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டு, "சரிம்மா" என்றாள். நான் படித்தேன், மதுரையில் வேலைக்குப் போனேன். அவள் தறியில் நின்று காதைத் தொலைத்தாள். ஊருக்குப் போகும்போதெல்லாம் நாங்கள் இருவரும் சத்தமில்லாமல் பேசிக்கொண்டிருப்போம், என் பெண்டாட்டி பிள்ளைகள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

ஊரில் பழைய தறிகளை எடைக்குப் போட்டாயிற்று. செட்டுகளில் சிமெண்டு மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். பெரிய மில்களில் புதுத் தறி ஓடுகிறது. வடக்கத்திப் பையன்கள் காதில் எதையோ செருகிக்கொண்டு நிற்கிறார்கள், பஞ்சா பாட்டா தெரியவில்லை. ஒருவரையொருவர் அவர்கள் பார்த்துக்கொள்வதே இல்லை.

சேத்தூர் வீட்டு வாசலில் என் தலையைக் கண்டதும் அக்காவின் கண் மலர்ந்தது. உடனே பேச ஆரம்பித்துவிட்டாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது, உதடு இரண்டும் கூடவே இல்லை. குரலும் குழறியது. குனிந்து பார்த்தேன். எதிரே போய் நின்று பார்த்தேன். அவள் முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்தும் பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. நான் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்குகிறது, அவள் சொல்வதுதான் எனக்கு விளங்கவில்லை. அந்தப் பேச்சில் எனக்கென்று மிஞ்சியிருந்தவள் இவள் ஒருத்திதான். ஆள் இருக்கும்போதே பேச்சு போய்விட்டது.

அக்கா மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பொறுமையாகத்தான் சொன்னாள். நான் புரிந்ததுபோலத் தலையாட்டினேன்.

"என்ன மாமா சொல்லுதா?" மகள் ஆவலாகக் கேட்டாள்.

"தண்ணி கேக்கா, தாயி" என்றேன்.

அக்கா என் உதட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு அவள் வாயைத் திறக்கவில்லை.