பாதியில் நின்ற சகானா

இதைச் சொன்னால் நீங்கள் மனதுக்குள் சிரிப்பீர்கள், பரவாயில்லை, இப்படிச் சொன்னவர்களைப் பார்த்து நானும் சிரித்தவன்தான். ஆவி, பேய், ஒருவர் மேல் இன்னொருவர் வந்து பேசுவது, இதிலெல்லாம் எனக்குத் துளி நம்பிக்கை கிடையாது. தெருவில் யாருக்காவது சாமி வந்தால், முதலில் பிரஷர் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிற ஆள். எங்கள் சபையில் பிசாசு விரட்டுகிறார்கள் என்று கூட்டம் சேர்ந்தால், ஜெபம் முடிகிறவரை வெளியே சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். இன்றைக்கு நம்புகிறேனா என்று கேட்டால் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் பயம் கம்மிதான், வெட்கம்தான் வருகிறது. உடம்பெல்லாம் கூசுகிறது. அதனால்தான் இத்தனை வருடம் வெளியே சொல்லவில்லை.

தொண்ணூறுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பூரில் ஒரு தோல் ஃபேக்டரியில் ஃபினிஷிங் செக்‌ஷன் சூப்பர்வைசராக இருந்தேன். வீடு சத்துவாச்சாரியில், தினமும் பஸ். எங்கள் கம்பெனியில் தோல் வாங்க மேல்விஷாரத்திலிருந்து கபூர் பாய் என்று ஒருவர் வருவார். என் வயதுதான், நல்ல தோஸ்த். பாட்டு என்றால் அவருக்கு உயிர். அவர்தான் ஒருநாள், காட்பாடியில் ஒரு சார் வீட்டில் மாதத்துக்கு ஒரு ஞாயிறு கேசட் கேட்கிறோம், நீயும் வா என்று இழுத்துக்கொண்டு போனார்.

அந்தச் சார் பெயர் சாமுவேல். காலேஜில் ஃபிஸிக்ஸ் சொல்லிக்கொடுத்து ரிட்டயர் ஆனவர், மனைவி இறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன, மகன் வெளிநாட்டில். பெரிய ஸ்பீக்கர் இரண்டு வைத்திருப்பார். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாங்கள் போவோம், நாங்கள் என்றால் பாய், நான், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த எஸ்தர் அக்கா, எப்போதாவது இன்னும் ஓரிருவர். ஒவ்வொரு தடவையும் ஒருவர் தனக்கு ரொம்பப் பிடித்த ஒன்றைக் கொண்டுவந்து போட வேண்டும். கேட்டு முடித்த பிறகு, அது ஏன் பிடிக்கிறது என்று எல்லோரும் சொல்ல வேண்டும். அதுதான் சார் வைத்த சட்டம். "நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னா ஒத்துக்க மாட்டேன். ஏன் நல்லா இருக்கு, அத சொல்லுங்க" என்பார்.

பாய் சாரங்கி கொண்டுவருவார். "பக்கத்து ரூம்ல யாரோ அழுவுற மாதிரி இருக்கும் சார். நாம எழுந்து போயி இன்னா ஏதுன்னு கேக்க வேணாம். சும்மா கூட இருந்தா போதும். அதான் எனக்கு ஜாஸ்தி பிடிக்கும்" என்றார் ஒருமுறை. எஸ்தர் அக்காவுக்கு வெள்ளைக்காரச் சங்கீதம். நாலு பேர் சேர்ந்து வயலின் மாதிரி வாத்தியங்களை மெதுவாக வாசிக்கிற ஒன்றைப் போட்டுவிட்டு அக்கா சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது. "வார்டுல எல்லாரும் ஒரே நேரத்துல கூப்புடுவாங்க. இதுல பாருங்க, ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்த மூணு பேரும் தழைஞ்சு போறாங்க. டியூட்டி முடிச்சு வந்து இதக் கேட்டா தலைவலி போயிடும்."

எனக்குத்தான் சொல்ல ஒன்றும் இருக்காது. காலையிலிருந்து மாலைவரை மெஷின் இரைச்சலிலேயே நின்று பழகின காது, வீட்டில் ரேடியோ பாடினால்கூடக் குறைக்கச் சொல்கிற ஆள் நான். உண்மையைச் சொன்னால், அங்கே போனது பாய் கூப்பிட்டதற்காகவும், அந்த வீட்டில் கிடைக்கிற மரியாதைக்காகவும்தான். என் முறை வரும்போதெல்லாம் "நல்லா இருக்கு சார்" என்பேன். சார் சிரித்துக்கொண்டே அடுத்தவரிடம் போய்விடுவார்.

சார் மட்டும் தன் கேசட்டைப் போட்டதே கிடையாது. உங்களுக்குப் பிடிச்சது எது என்று அக்கா கேட்டால், "அடுத்த தடவ பாக்கலாம்மா" என்று தள்ளிவிடுவார். அப்படியே வருடக்கணக்கில் போனது.

ஒரு வெயில்கால ஞாயிறு. நாங்கள் போனபோது சார் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டு, ஏதோ விசேஷத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மேல் தாள் எதுவும் ஒட்டாத ஒரு கேசட்டைக் கையிலேயே வைத்திருந்தார். "இன்னிக்கு என்னோடது. யார் வாசிச்சதுன்னு மட்டும் கேக்காதீங்க. கேட்டுட்டு ஏன் பிடிச்சிருக்குன்னு சொல்லுங்க" என்றார்.

வயலின். தனியாக, கூட மிருதங்கம் எதுவும் இல்லாமல். வீட்டில் பதிவு செய்தது என்று எனக்கே தெரிந்தது, பின்னால் எங்கோ குக்கர் விசில் கேட்டது. சகானா ராகம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன், அன்றைக்கு எனக்கு அது வெறும் வயலின்தான். ஓட்டலில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன், ஃபேன் காற்று, கண் சொக்கியது. மெல்ல மெல்ல மேலே ஏறிப் போய், ஒரு இடத்தில், ஏறலாமா வேண்டாமா என்கிற மாதிரி நின்று, சட்டென்று டேப் முடிந்துவிட்டது. பாதி மூச்சில் அறுந்த மாதிரி.

பாய்தான் முதலில் பேசினார். "யாரா இருந்தாலும் கை சுத்தம் சார்" என்றார். எஸ்தர் அக்கா, குழந்தைக்குத் தலை வாரிவிடுகிற மாதிரி இருக்கிறது, அவசரமே இல்லை என்றார். இதையெல்லாம் கேட்கக் கேட்கச் சாரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. கல்யாண வீட்டில் பெண்ணைப் புகழ்ந்தால் தகப்பன் முகம் இருக்குமே, அப்படி. பிறகு என் பக்கம் திரும்பினார். "தேவராஜ், நீ சொல்லுப்பா."

நான் எப்போதும் போல "நல்லா இருக்கு சார்" என்றேன்.

நம்பினால் நம்புங்கள், நான் அதைத்தான் சொன்னேன். என் காதில் அதுதான் விழுந்தது.

ஆனால் அக்கா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பாய் தலையைக் குனிந்துகொண்டார். சாரின் முகத்தில் இருந்த மலர்ச்சி அப்படியே வழிந்து போய்விட்டது. அறை வாங்கினவர் மாதிரி கன்னத்தில் கை வைத்தார். எழுந்து உள்ளே போய்விட்டார், திரும்பி வரவில்லை. வழக்கம்போலத்தானே சொன்னோம், இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று நான் விழித்தேன்.

தன் காரில் என்னை ஏற்றிக்கொண்டதும் பாய் கேட்டார். "இன்னாபா, அந்த மாதிரி பேசிட்ட? வயசானவரு."

"நான் இன்னா பேசினேன்? நல்லா இருக்குன்னுதானே சொன்னேன்."

"வெளாடாத, தேவராஜ். 'எங்க முடிக்க உட்டீங்க, வந்தவங்க முன்னால கதவ அப்படித் தட்னீங்களே'ன்னு சொன்ன. உன் குரல்தான். ஆனா அவரு மூஞ்சிய நேராப் பாத்து, பொண்டாட்டி புருஷன கேக்கற மாதிரி கேட்ட. எனக்கே கூச்சமாப் போச்சு."

நான் சத்தியம் செய்தேன். பாய் நம்பவில்லை, சத்துவாச்சாரியில் என்னை இறக்கிவிட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் எஸ்தர் அக்காவுக்குப் போன் போட்டேன். அவரும் வார்த்தை மாறாமல் அதையேதான் சொன்னார். டேப்பில் கதவு தட்டுகிற சத்தம் ஏதாவது கேட்டதா, அதைக் கேட்டுத் தூக்கக் கலக்கத்தில் உளறினேனா என்று கேட்டேன். அப்படி ஒரு சத்தமே இல்லை என்றார் அக்கா. இரண்டு பேரும் பொய் சொல்கிற மனிதர்கள் கிடையாது. அப்போது எனக்கு வந்த வெட்கத்தை எப்படிச் சொல்வது. நடு வீட்டில் எல்லோர் முன்னாலும் வேட்டி அவிழ்ந்து நின்று, அது எனக்கு மட்டும் தெரியாமல் போன மாதிரி.

அந்த வாரத்திலேயே சார் ஆம்பூருக்கு வந்தார். சாப்பாட்டு நேரம், வாட்ச்மேன் வந்து பெரியவர் ஒருத்தர் உங்களைத் தேடுகிறார் என்றான். கேட்டுக்கு வெளியே, லாரிகளுக்கு நடுவில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். டீயைத் தொடவில்லை.

"உனக்கு யாருப்பா சொன்னது?"

"யாரும் சொல்லல சார். நான் அப்படிப் பேசினதே எனக்குத் தெரியாது சார். மன்னிச்சுடுங்க."

குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். வாசித்தது அவர் மனைவி, லில்லி அம்மா. கல்யாணத்துக்கு முன்னால் முறையாகக் கற்றுக்கொண்டவர். ஒருநாள் உள்ளறையில் டேப்ரெக்கார்டரை வைத்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஹாலில் சபையிலிருந்து பெரிய மனிதர்கள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். "ஜெபத்துக்கு வந்தவங்க என்ன நெனப்பாங்கன்னு எனக்கு மானம் போற மாதிரி ஆயிடுச்சு. கதவ ஓங்கித் தட்டினேன். நிறுத்திட்டா. அதுக்கப்புறம் அவ அந்த வயலினத் தொடவே இல்ல. நானும் வாசின்னு சொல்லல. சாவற வரைக்கும் ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசல."

டேப் அவர் தட்டுவதற்கு ஒரு நொடி முன்பே தீர்ந்துபோயிருந்தது. அதனால் அந்தச் சத்தம் அதில் கிடையாது. அந்த வீட்டு ஆட்களையும் அன்றைக்கு ஹாலில் இருந்தவர்களையும் தவிர யாருக்கும் தெரியாத விஷயம், அவர்களில் யாரையும் எனக்குத் தெரியாது. நான் அந்த அம்மாவைப் பார்த்தது கூட இல்லை.

"நாலு பேர் அவள நல்லா சொல்லிக் கேக்கணும்னுதான் போட்டேன். அவ இருந்தப்ப நடக்கல, இப்பவாவது நடக்கட்டுமேன்னு" என்றார். எனக்கு அந்தப் பெஞ்சுக்கு அடியில் போய்ப் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அந்த மனிதர் ஆசையாகத் தயாராகி உட்கார்ந்திருந்த ஒரே ஞாயிறு. அதை நாசமாக்கினது என் வாய். நான் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் வாய் என்னுடையதுதானே.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். "இன்னொரு தடவ வந்து கேக்கிறியாப்பா? வேற எதுனா சொல்றாளான்னு பாக்கணும். திட்டினாலும் பரவால்ல."

போனேன். பல ஞாயிறுகள் போனேன். கேசட் கூட்டம் அதோடு நின்றுபோயிருந்தது, நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். அவர் எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கேசட் ஓடுகிற நேரம் முழுக்க என் உதட்டையே பார்ப்பார். டேப் அறுந்து நிற்கும். நான் வாயைத் திறப்பேன், என்ன சொன்னேன் சார் என்று கேட்பேன். "நல்லா இருக்குன்னுதான்" என்பார். அவ்வளவுதான். படித்த மனிதர், ஃபிஸிக்ஸ் சொல்லிக்கொடுத்தவர், ஒரு சூப்பர்வைசர் வாயிலிருந்து ஏதாவது விழுமா என்று கை கட்டிக் காத்திருப்பதும், நான் காலிப் பாத்திரம் மாதிரி உட்கார்ந்திருப்பதும், அந்த அறையில் யார் யாரைப் பார்த்து வெட்கப்படுவது என்றே தெரியாது.

என் மனைவி சாந்தி ஒருநாள், "பேஜார் புடிச்ச மனுஷன், பாவம். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்களேன். இன்னா கொறஞ்சுடப் போவுது?" என்றாள். மனது வரவில்லை. அந்த அம்மா சொல்லாததை நான் எப்படிச் சொல்வது.

ஆனால் ஒன்று நடந்தது. அத்தனை தடவை கேட்டதில் அந்தச் சகானா எனக்குப் பழகிவிட்டது. ஒரு ஞாயிறு, டேப் நின்றதும், நானாகவே, முழு நினைவோடு சொன்னேன். "சார், நடுவுல ஒரு தடவ மேல போயி நின்னுட்டுத் திரும்பி வர்றாங்களே, அந்த எடம். வேல முடிஞ்சு லேட்டா வந்தா, கொழந்த தூங்குதேன்னு செருப்ப கையில எடுத்துட்டு உள்ள போவோமே, அந்த மாதிரி இருக்கு. அதனால பிடிக்குது சார்."

சார் கண்ணாடியைக் கழற்றினார். "அவ வந்து பேசினாளா?"

"இல்ல சார். இது நான்தான்."

கண்ணாடியைத் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "அது போதும்பா. நான் அவகிட்ட சொல்லியிருக்க வேண்டியது இந்த மாதிரி ஒண்ணுதான். இனிமே நீ அலைய வேணாம்" என்றார். வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் இறந்துபோனார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், எஸ்தர் அக்காதான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். கல்லறைத் தோட்டத்தில் பாய் என் தோள் மேல் கை போட்டு நின்றார். அவ்வளவு நாள் கழித்து அப்போதுதான் என்னிடம் பழையபடி பேசினார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

அதற்கடுத்த ஞாயிறு, மத்தியானம். நான் சாப்பிட உட்கார்ந்திருந்தேன், சாந்தி பரிமாறிக்கொண்டிருந்தாள். வீட்டில் பாட்டு எதுவும் ஓடவில்லை, நான் அவரை நினைத்துக்கொண்டுகூட இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே "கொஞ்சம் ரசம் ஊத்து" என்றேன். சாந்தி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"யார கேக்கறீங்க?" என்றாள்.

"உன்னத்தான். ரசம் கேட்டேன்."

"ரசம் கேக்கல. 'சாப்டீங்களா'ன்னு கேட்டீங்க. வாசப்பக்கம் பாத்து, யாரோ ரொம்ப நேரமா அங்க நிக்கற மாதிரி."

நான் சாந்தியிடம் வா போ என்றுதான் பேசுவேன், 'ங்க' போட்டுப் பேசின வழக்கமே கிடையாது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அந்த மனிதர் அத்தனை ஞாயிறு என் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரை மண்ணுக்குள் வைத்து வந்த பிறகு அது வந்தது, அதுவும் என் வீட்டில், சோற்றுக் கையோடு. அந்த அம்மா அவரிடம் சொல்லி முடித்தாகிவிட்டதா, இல்லை இன்னும் அவரைத் தேடித்தான் என் வீட்டுக்கு வந்ததா, எனக்குத் தெரியாது. யாரிடம் போய்க் கேட்பது.

சாந்தி அதன் பிறகு ஒருநாள்கூட என்னைச் சாப்பிட்டீர்களா என்று கேட்டதில்லை. வேலை முடிந்து எத்தனை மணிக்கு வந்தாலும் தட்டை எடுத்து வைத்துவிட்டு, பேசாமல் சமையலறைக்குள் போய்விடுகிறாள்.