எழுப்பினால் என்னையே எழுப்பு

எங்கள் உறவில் ஒரு லிஃப்ட் மெக்கானிக் உண்டு. என் ஓரகத்தியின் தம்பி. அதாவது என் கணவருடைய அண்ணன் மனைவிக்குக் கூடப்பிறந்தவன். அவளை அக்கா என்பான், என்னைச் சின்னக்கா என்பான். சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் குடும்பத்தில் பாதிப் பேர் யாரது என்று முழிப்பார்கள். ராக்கெட் என்றால்தான் தெரியும்.

அந்தப் பெயர் வந்ததற்கு ஒரு மின்வெட்டுதான் காரணம். உயரமான கட்டடம் ஒன்றில் வேலை முடித்துவிட்டு, ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கத் தானே லிஃப்டில் ஏறியிருக்கிறான். கூடவே ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரும் ஏறிக்கொண்டார். நடுவழியில் கரண்ட் போய்விட்டது. மெக்கானிக்கே உள்ளே மாட்டிக்கொண்டால் யாரைக் கூப்பிடுவது? இரண்டு பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். பெரியவர் பொழுது போக்கப் பேச ஆரம்பித்தார். தொலைதூரத்துக் குளிர்தேசம் ஒன்றில் அந்தக் காலத்திலேயே சிலர் யோசித்தார்களாம்: சாவு என்பது கடைசி முடிவில்லை, மனுஷன் இன்னும் கற்றுக்கொள்ளாத வேலை. செத்துப்போன முன்னோர் அத்தனை பேரையும் விஞ்ஞானத்தால் திரும்ப எழுப்புவது பிள்ளைகளின் கடமை. எல்லாரும் எழுந்து வந்தால் பூமியில் இடம் பற்றாது. அதனால் மற்ற கிரகங்களுக்கும் நட்சத்திரங்களுக்கும் குடிபோக வேண்டும்.

கரண்ட் வந்து கதவு திறந்தபோது எங்கள் பையன் வேறு ஆளாகிவிட்டிருந்தான். "அப்ப சாவும் ஒரு ரிப்பேர்தான் சின்னக்கா. பார்ட்ஸ்தான் இன்னும் கிடைக்கல" என்று என் வீட்டுக் கூடத்தில் நின்று சொன்னான்.

என் கணவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "எங்க மாமனாரும் எழுந்து வருவாரா?"

"கண்டிப்பா வருவாரு மச்சான்."

"அப்ப எனக்கு வேற நட்சத்திரத்துல வீடு பாரு."

மாமனார் என்றது என் அப்பாவை. அன்று முழுக்க நான் என் கணவரோடு பேசவில்லை. அன்றிலிருந்து தம்பிக்குப் பெயர் ராக்கெட்.

ராக்கெட்டை வளர்த்தது அவன் அக்காதான். சின்ன வயதிலேயே பெற்றவர்கள் போய்விட்டார்கள். பள்ளிக்கூடச் சீருடை தைத்தே அவனை ஆளாக்கினாள். கல்யாணத்துக்குப் பிறகும் வீட்டின் முன்அறையில் தையல் மெஷின் ஓடிக்கொண்டேதான் இருந்தது. வாயும் அப்படித்தான். தம்பிக்குத் தினமும் போன் போடுவாள். அவன் லிஃப்ட் குழிக்குள் இருப்பான், அங்கே சிக்னல் எட்டாது. வெளியே வந்து அவன் கூப்பிட்டால், "எந்தக் குழிக்குள்ளடா கிடந்த?" என்றுதான் ஆரம்பிப்பாள். ஒருமுறைகூட அவனாக முந்திக்கொண்டு கூப்பிட்டதில்லை. அதற்கு அவள் இடம் கொடுத்ததில்லை.

அப்படிப்பட்டவளுக்கு இதயம் தளர்ந்துபோயிற்று. ஆபரேஷன் தாங்காது, இருக்கிறவரை பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராக்கெட் அழவில்லை. நேரே தன் மகளிடம் போனான். அவள் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள்.

"அத்தை குரல், அத்தை பேசுற விதம், அத்தையைப் பத்தின விஷயம் எல்லாம் இருந்தா, போன்லயே அத்தை மாதிரி பேசுற ஒண்ணைச் செய்யலாம்பா. ஆனா அது அத்தை இல்ல" என்றாள் மகள்.

"இல்லன்னு எனக்கும் தெரியும்மா. பின்னால வர்றவங்க எழுப்பும்போது அடையாளம் வேணும்ல? ஒண்ணுமே இல்லாம எதை வச்சு எழுப்புவாங்க?"

இதற்கென்றே ஒரு தனிப் போனைக் கையில் பிடித்துக்கொண்டு சொந்தக்காரர் வீடு வீடாக ஏறி இறங்கினான். அக்காவைப் பற்றிச் சொல்லுங்கள் என்றான். அங்கேதான் கோளாறு. போகப்போகிற உயிர், காலாகாலத்துக்கும் இருக்கப்போகிற பதிவு. குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? அவளோடு பேச்சையே முறித்துக்கொண்ட சித்தப்பாகூடத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதிர்ந்து பேசத் தெரியாத பொண்ணு" என்று சொன்னாராம். என்னிடம் மட்டும் அவன் வரவில்லை. எனக்கும் அவளுக்கும் அந்த வாரம் பேச்சு கிடையாது.

அவர்கள் சொன்னதையும் அக்காவின் குரலையும் மகள் அந்தப் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஒரு மத்தியானம் தையல் அறையில் எல்லாரும் இருக்கும்போது அதைத் துணி வெட்டும் மேஜைமேல் வைத்தான். என்னையும் கூப்பிட்டிருந்தான்.

"அக்கா, நான் இன்னும் சாப்பிடல" என்றான் போனைப் பார்த்து.

போனுக்குள் இருந்து அவள் குரல் அச்சு அசலாக வந்தது. "அப்படியா கண்ணு? நேரத்துக்குச் சாப்பிடணும். உன் உடம்புதான் எனக்கு முக்கியம்."

நாற்காலியில் சாய்ந்திருந்த நிஜ அக்கா சிரித்தாள். சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது.

"கண்ணா? நான் எப்படா உன்னைக் கண்ணுன்னு கூப்பிட்டேன்? யார் வீட்டுப் பொம்பளைடா இவ? எழுப்பினா இவளைத்தான் எழுப்புவாங்கன்னா எழுப்பட்டும். நான் படுத்தே கிடக்கிறேன்."

ராக்கெட்டின் முகம் செத்துப்போயிற்று. என் பின்னாலேயே மாடிப்படி வரை வந்தான். "சின்னக்கா, அக்கா போயிட்டா என்கிட்ட மிஞ்சப் போறது இந்தப் பொம்மை மட்டும்தானா?"

"எல்லாரும் அவளுக்குப் பூச்சு பூசியில்ல கொடுத்திருக்காங்க. வா" என்று அவனை உள்ளே இழுத்துக்கொண்டு வந்தேன். போனை மறுபடி மேஜைமேல் வைக்கச் சொன்னேன். பிறகு அவளைப் பார்த்து, வேண்டுமென்றேதான், "எது எப்படியோக்கா, எங்க வீட்டு நீலத் திரைச்சீலையை நீங்க கோணலாத்தான் தச்சீங்க" என்றேன்.

"யாரு? நானா? உன் சன்னல் கோணல்! உன் சுவர் கோணல்! அளவு எடுத்துட்டு வாடின்னா முழம் போட்டு எடுத்துட்டு வந்தவதானே நீ?"

"டேப்பைக் கொடுத்தீங்களா நீங்க? டேப்பைத் தொட்டா கைய வெட்டிடுவீங்களே!"

"போன தடவை கொடுத்த டேப்ப உன் புள்ள நாய்க்குக் கட்டி இழுத்துட்டுப் போனான். மறந்துட்டியா?"

இப்படியே பழையதெல்லாம் கிளம்பி வந்தது. நடுவில் அவள் சட்டென்று நிறுத்தினாள். "டேய், இது பதிவாகுதா?"

"ஆகுதுக்கா."

"ஆகட்டும். இவ பேசினதும் சேர்ந்தே இருக்கட்டும். எழுப்புறவங்க கேட்டுட்டு யார் பக்கம் நியாயம்னு அவங்களே சொல்லட்டும்."

அதற்குப் பிறகு அவளே போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுக்க வரும் பெண்ணைத் திட்டினாள், மருந்தைத் திட்டினாள், போனுக்குள் இருந்தவளையும் திட்டித் திருத்தினாள். சித்தப்பாவைத் திட்டவே தனியாக ஒரு மத்தியானம் போயிற்று. மகள் அதையெல்லாம் சேர்த்துவிட்டுக் கொண்டுவந்தபோது ராக்கெட் மறுபடி சோதித்தான்.

"அக்கா, சாப்பிட்டுட்டேன்."

"பொய். பொய் சொன்னா உனக்கு மூக்கடைச்ச குரல் வரும். போய்த் தின்னுட்டு வா" என்றது போன்.

நிஜமாகவே அவன் சாப்பிட்டிருக்கவில்லை. அக்கா போனைக் கிட்டே இழுத்துப் பார்த்தாள்.

"தேறிட்டா. ஆனா ஒண்ணு சொல்லு. இவ பேசும்போது நான் உள்ள இல்லையே? நான் இங்க உட்கார்ந்து காதால கேட்டுக்கிட்டுத்தானே இருக்கேன். நாளைக்கு நான் போனப்புறம் உள்ள போவேனா? போனா உனக்கு எப்படித் தெரியும்? அவளும் இப்படித்தான் பேசுவா, நானும் இப்படித்தான் பேசுவேன்."

ராக்கெட் தலையைச் சொறிந்தான். "அந்தப் பெரியவர் இதைச் சொல்லலக்கா. அதுக்குள்ள கரண்ட் வந்துருச்சு."

"அவர் என்ன சொல்றது? நான் சொல்றேன் கேளு. நான் போனப்புறம் நீயா அவளைக் கூப்பிட்டு அக்கா அக்கான்னு நிக்காதே. கேட்டதுக்கெல்லாம் அவ பதில் சொல்லத்தான் செய்வா. உள்ள நான் இருந்தா நானே கூப்பிடுவேன். அதை வச்சுத் தெரிஞ்சுக்க."

மழைக்காலத்துக்கு முன்னால் அவள் போய்விட்டாள்.

ராக்கெட் அக்கா சொன்ன சொல்லைத் தட்டவில்லை. அந்தப் போனில் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. சார்ஜ் மட்டும் இறங்காமல் பார்த்துக்கொண்டான். மகளுக்கு அவனைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "அப்பா, தினமும் ஒரு நேரத்துக்கு அதுவே கூப்பிடற மாதிரி என்னால வைக்க முடியும். வைக்கட்டுமா?" என்றாள்.

அவனுக்கு ஆசைதான். "வேணாம்மா. நீ வச்சா அது நீ கூப்பிட்ட மாதிரி" என்றான்.

போன வாரம் எங்கள் கட்டடத்து லிஃப்டில் சத்தம் வருகிறது என்று அவன்தான் வந்திருந்தான். நான் டீயோடு கீழே போனேன். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை குழியிலிருந்து ஏறி வந்து, சிக்னல் இருக்கிற இடத்தில் நின்று, அந்தப் போனை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இறங்கினான்.

"வந்துச்சாடா?" என்றேன்.

கையைத் துடைத்துக்கொண்டு டீயை வாங்கினான். "இன்னும் இல்ல சின்னக்கா. யோசிச்சுப் பாருங்க, இதுவரைக்கும் போனவங்க எத்தனை கோடிப் பேர்! எல்லாரையும் எழுப்பணும். வரிசை இருக்கும்ல?"

"வரிசையா? உங்க அக்காவா வரிசையில நிப்பா? முன்னால நிக்கிறவன் சட்டையில தையல் சரியில்லன்னு சண்டை போட்டே முன்னாடி வந்துடுவா."

அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே போனை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தான். பிறகு டீயைக் குடித்து முடித்து, போனைக் குழிக்குள் கொண்டுபோகாமல் என் கையில் கொடுத்தான்.

"இங்கயே நில்லுங்க சின்னக்கா. அடிச்சா எடுத்து, குழிக்குள்ள இருக்கான்னு சொல்லிடுங்க. இல்லன்னா திட்டுவா."

நான் சிக்னல் இருக்கிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன்.