துக்க வீட்டுக்குத் தாமதமாக வந்தவர்

அரசி மேடம் காலமான செய்தி எங்கள் துறையின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஊரப்பாக்கம் வீட்டில் காலைக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தேன். நான் படித்து முடிப்பதற்குள் கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. மாலையில் அதே குழுவில் ஒருவர், இன்டர்னல் மார்க்கை எப்போது தர வேண்டும் என்று கேட்டிருந்தார். எனக்கு எரிச்சலாக இருந்தது. தூக்கத்திலேயே மாரடைப்பாம். கொடுத்து வைத்த சாவு என்று சொல்கிறவர்களோடு இப்போதைக்குப் பேசப் பிடிக்கவில்லை.

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் நாங்கள் இருவரும் ஒரே அறையில், எதிரெதிர் மேஜைகளில் இருந்தோம். மங்கையர்க்கரசி என்ற முழுப்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான். பாடத்தில் அவருக்குக் கான்கிரீட், எனக்கு ஸ்டீல். "உங்களுக்கென்ன சார், வளைஞ்சாலும் கௌரவமா நிப்பீங்க. நாங்கதான் விரிசல் விட்டு மானத்த வாங்கறோம்" என்பார். எனக்குச் சட்டென்று பதில் வராது. மறுநாள்தான் வரும்.

நிலநடுக்கம் என்றால் எல்லாரும் எவ்வளவு பலமாக ஆட்டியது என்று கேட்பார்கள். எவ்வளவு நேரம் ஆட்டியது என்று யாரும் கேட்பதில்லையே என்பதுதான் அவருடைய தீராத ஆற்றாமை. ஒருமுறை ஆய்வுக்கூடத்தில் பாலத்தூண் ஒன்றின் மாதிரியை வார்த்து, அதன் தலையை இயந்திரத்தால் இப்படியும் அப்படியும் தள்ளிச் சோதித்தோம். பெரிய ஆட்டம் வந்து போனது. தூண் சில விரிசல்களோடு நின்றது. மாணவர்கள் கைதட்டிவிட்டுப் பைகளை எடுத்தார்கள். "உக்காருங்கப்பா. இன்னும் முடியல" என்றார். அதற்குப் பிறகு வந்த ஆட்டங்கள் எல்லாம் அதைவிடச் சிறியவை. ஆனால் வந்துகொண்டே இருந்தன. மேல்பூச்சு போலிருந்த கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பிகள் பிதுங்கின. ஒரு கம்பி, கையால் மடக்கி மடக்கி ஒடிக்கும் கட்டுக்கம்பியைப் போலப் பட்டென்று அறுந்தது. மேடத்துக்கு அதில் சந்தோஷம் ஒன்றும் இல்லை. "பாவம், நல்லாத்தான் நின்னுது" என்று அந்தத் தூணைத் தட்டிக்கொடுத்தார்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இன்னொன்றும் தெரியும். சாவு வீட்டுக்கு அவர் அன்றைக்கு வரவே மாட்டார். சக ஊழியர் வீட்டில் பெரிய காரியம் என்றால் கல்லூரியே வேன் பிடித்துப் போகும், அவர் மட்டும் வகுப்பெடுத்துக்கொண்டிருப்பார். கல்நெஞ்சுக்காரி என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்கள் உண்டு. அவருக்கும் அது தெரியும்.

என் மனைவி வசந்தா இறந்தபோதும் அவர் வரவில்லை. அந்தக் கூட்டத்திலும் என் கண் அவரைத் தேடியது. மனது விட்டுப்போயிற்று. பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஊருக்குப் போனார்கள். மறுநாள் அரசி மேடமும் அவர் கணவர் பத்மநாபனும் ஒரு தூக்கில் ரசம் சாதத்தோடு வந்து நின்றார்கள். இப்போதுதான் வழி தெரிந்ததா என்று கேட்டேவிட்டேன்.

"மொத நாள் நீங்க எப்படியும் நின்னுடுவீங்க சார். சுத்தி அத்தன பேர் இருப்பாங்க. இதுக்கப்புறம்தான் எனக்குப் பயம்" என்றார். பிறகு வாராவாரம் வந்தார்கள். பத்மநாபன் பேப்பர் படிப்பார். மேடம் விடைத்தாள் திருத்துவார். ஆறுதல் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. நான் எப்போது மறுபடி வாய்விட்டுச் சிரித்தேன் என்பது நினைவில்லை, ஆனால் அது அவர் ஏதோ ஒரு விடைத்தாளைப் படித்துக் காட்டியபோதுதான்.

மேடம் இறந்த அன்று நான் இரும்புலியூரில் இருக்கும் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவரைப்போல வீம்பாக இருக்க என்னால் முடியவில்லை. பத்மநாபன் வந்தவர்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு தைரியம் பாருங்கள் என்று நம்மில் பலர் அவரை மெச்சிவிட்டுத் திரும்பினோம்.

காரியம் முடிந்து, அவர்களுடைய மகளும் வெளிநாட்டுக்கு விமானம் ஏறிய பிறகு, நேற்று மறுபடி போனேன். மதியம் தாண்டியும் அடுப்பு பற்றவைக்கவில்லை. பத்மநாபன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்தேன்" என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன். வெளியே போய் இரண்டு சாப்பாடு வாங்கி வந்தேன். சாப்பிட்டோம். அவர் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டார், பக்கம் திருப்பவில்லை.

அரசி மேடத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது, கூட்டம் கலைந்த வீட்டில் போய் உட்காரும் இந்தப் பழக்கம் ஒன்றைத்தான். என் ஒருவனால் மட்டும் ஆகிற காரியம் இல்லை இது. ஜி.எஸ்.டி. சாலையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் கொஞ்சம் இறங்கிப் போங்கள்.

கிளம்பும்போது பத்மநாபன் வாசல் வரை வந்தார். "நாளைக்கும் வருவீங்களா சார்?" என்று கேட்டார்.