ஒருசந்தி நாளில் ஓ நெகட்டிவ்

பெரிய வெள்ளிக்கிழமை காலை ஏழு நாற்பதுக்கு என் கைப்பேசி அடித்தது. எங்கள் மாதாகோவில் பங்கைச் சேர்ந்த ஒருவர் சிரித்துக்கொண்டே பேசினார். "சார், பதறாம கேளுங்க. பாப்பா கோவில் முனையில வண்டியோட விழுந்துட்டா. பாக்க ரத்தக்களறியா இருக்கும், ஆனா அது சாயம். நாடகத்துக்கு வாங்கிட்டு வந்த புட்டி உடைஞ்சிருக்கு. அவ்ளோதான்."

அன்று பத்து மணிக்கு எங்கள் பங்கு இளைஞர்கள் சிலுவைப் பாதையைத் தெருவில் நடித்துக் காட்டுவதாக இருந்தார்கள். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகளுக்கு ஒப்பனை வேலை. இயேசுவின் முதுகில் பூசச் சிவப்புச் சாயம் போதவில்லை என்று திருமலைராயன்பட்டினம் கடைத்தெருவுக்கு ஸ்கூட்டரில் போயிருந்தாள். திரும்பும்போது, கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து வந்த நிலக்கரி லாரி ஒன்று திருப்பத்தில் அவளை ஓரத்துக்கு ஒதுக்கியது. வண்டி சறுக்கியது. வண்டிக்கும் சாலையோரக் கல்லுக்கும் நடுவில் அவள் தொடை மாட்டிக்கொண்டது.

கோவில் வாசலில் நின்றிருந்த எங்கள் ஆட்கள் ஓடிவந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சிரித்தார்கள். "இந்த வருசம் ஏசு வேசம் ஒனக்கா?" என்று ஒருவர் கேலி செய்தாராம். அவள் கண் செருகிய பிறகுதான் சிரிப்பு நின்றது. வருடாவருடம் சாயத்தைப் பார்த்து அழுது பழகியவர்களுக்கு நிஜ இரத்தம் அடையாளம் தெரியவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் சுற்றி வளைக்காமல் பேசினார். தொடை எலும்பு முறிந்து சதையைக் கிழித்திருக்கிறது. இரத்தம் நிறையப் போய்விட்டது. அவளுக்கு ஓ நெகட்டிவ். இருப்பில் இருந்த ஒரே பையை ஏற்றியாகிவிட்டது. "இன்னும் ஒண்ணாவது கையில இல்லாம நான் கத்தியத் தொடமாட்டேன். சீக்கிரம் ஆள் பாருங்க" என்றார். என் மனைவிக்கும் எனக்கும் ஏ பாசிட்டிவ். நாகப்பட்டினத்தில் விசாரித்தார்கள், இல்லை. தஞ்சாவூரிலிருந்து வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும். "அதுவரைக்கும் கால் தாங்குமாங்க?" என்று கேட்டேன். அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இதை எழுதும்போதும் அந்தக் கதவு ஆடி நின்றது கண்ணுக்குள் இருக்கிறது.

பங்கின் வாட்சப் குழுவில் விஷயத்தைப் போட்டேன். பதில்கள் கொட்டின. கூப்பிய கைகள், எரியும் மெழுகுவர்த்திகள், கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள். ஒருவர், ஆளுக்கு ஆள் முறைபோட்டு ஜெபமாலை சொல்லும் சங்கிலி தொடங்கினார். இன்னொருவர் சங்கிலியில் தன் பெயரை இரண்டாவதாகப் போட்டது ஏன், முதலில் கைதூக்கியது தான்தானே என்று சண்டைக்கு வந்தார். பங்குச் சாமியாருக்குப் போன் செய்தேன். சனங்கள் தங்கள் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றார்கள். இத்தனை பேரில் ஒருவர்கூட, "எங்கே வரணும்?" என்று கேட்கவில்லை.

உலகத்துக்கே உப்பு, வெளிச்சம், புளிப்புமாவு என்று ஞாயிறுப் பிரசங்கந்தோறும் எங்களைப் பற்றியே கேட்டுக் கேட்டுக் காது குளிர்ந்தவர்கள் நாங்கள். உப்பு மூட்டைக்குள்ளேயே கட்டிதட்டிப் போனால் எந்த வீட்டுக் குழம்புக்கு ஆகும்? திருவிழாவில் ஒலிபெருக்கி, கிறிஸ்துமஸில் பக்கத்து வீடுகளுக்கு ஒரு துண்டு கேக். இவற்றை விட்டால் எங்கள் பக்தியால் இந்த ஊருக்கு என்ன ஆதாயம் என்று யோசித்துப் பார்த்தேன். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலத்தில், வெள்ளிகளில் நாங்கள் கறி தின்பதில்லை. அதனால் கோழிகளுக்கு ஒரு நாள் ஆயுள் கூடுகிறது. எனக்குத் தெரிந்து வேறெதுவும் இல்லை.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. எங்கள் இயேசுவுக்கு ஓ நெகட்டிவ். நாலைந்து வருடமாக அந்த வேடம் கட்டும் எலெக்ட்ரீஷியன் பையனைச் சொல்கிறேன். பங்கில் நடந்த மருத்துவ முகாமில் அபூர்வ இரத்தம் என்று கண்டுபிடித்து, அவனுக்கு மேடையில் பொன்னாடைகூடப் போர்த்தினார்கள். இரத்தம் கொடுத்ததற்கு அல்ல, வைத்திருந்ததற்கு. ஊர்வலம் முடியும்வரை அவன் போன் அணைந்திருந்தது. முடிந்ததும், பாவம், ஓடித்தான் வந்தான். வெள்ளை அங்கி, தவக்காலம் முழுக்க வளர்த்த தாடி, முதுகில் சாயத்துக்குப் பதிலாக ஊற்றிய குங்குமத் தண்ணீர். வராந்தாவில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

இரத்த வங்கியில் இருந்த அம்மா நிமிராமல் கேட்டார். "கடைசியா எப்ப சாப்ட்டீங்க?"

"நேத்து ராத்திரிங்க மேடம்."

"வெறும் வயித்துல எடுக்கமாட்டோம். கேன்டீன்ல நாலு இட்லி தின்னுட்டு வாங்க."

"இன்னைக்கு ஒருசந்திங்க."

"அப்டின்னா?"

"நோன்பு. பெரிய வெள்ளி பாருங்க. பொழுது சாஞ்சு ஒருவேளக் கஞ்சிதான்."

"அந்தக் கஞ்சிய இப்ப குடிங்க."

சின்னப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துச் சிரித்தான். நான் அவனைத் தனியே இழுத்துப் போனேன். "தம்பி, எம்பொண்ணுக்குக் கால் போயிடும்டா."

"எனக்கு மட்டும் மனசு இல்லியா சார்? வெறும் வயித்துல எடுக்கமாட்டாங்கன்னு முகாம்ல சொல்லியிருந்தாங்க, அதான் வர்ற வழியிலயே அக்காகிட்ட போன்ல கேட்டுட்டேன். நாப்பது நாளும் கெடாம வந்தது கடசி நாள்ல கெடணுமான்னு கேக்குது. ஏசு வேசம் கட்டினவன் இட்லி தின்னான்னா சனம் காறித் துப்பும் சார். நாளைக்கு விடியக்கால வந்து நிக்கிறேன். ரெண்டு பையா எடுத்துக்கச் சொல்லுங்க."

"நாளைக்கு யாருக்குடா?"

"ஜெபம் பண்ணுங்க சார். ஆண்டவரே நமக்காக ரத்தம் சிந்துன நாளு இது." சொல்லிவிட்டு என் தோளைத் தட்டினான். அவன் படியிறங்கிப் போகையில் அங்கியின் முதுகில் குங்குமம் காய்ந்து உதிர்ந்தது.

வாசல் காவலாளி என்னிடம் வந்தார். "போறது ஏசுதானே சார்? அவரே முடியாதுன்னுட்டாரா?"

அவன் சொன்ன அக்கா, அவனுடைய உடன்பிறந்த அக்கா. எங்கள் தெருவின் அன்பியத் தலைவி, அதாவது நாலு கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் குழுவுக்குத் தலைவி. தையல் கடை வைத்திருக்கிறார். ஐம்பது வயது இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் யார் வீட்டில் முட்டை பொரிகிறது என்று தெருவில் நடந்தே மோப்பம் பிடித்துவிடுவார். சாமியாரே அவருக்குப் பயந்து தேநீரில் சர்க்கரையைக் குறைத்தார் என்று சொல்வார்கள். கடவுளுக்கு இவ்வளவு கறாரான கங்காணி தேவையா என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. அன்று நினைப்பதோடு நிற்கவில்லை, வாய்விட்டே திட்டினேன். என் மனைவி என் வாயைப் பொத்தினாள். உள்ளே மகள் தண்ணீர் கேட்டு முனகிக்கொண்டிருந்தாள். அறுவைக்கு முன் கொடுக்கக்கூடாது என்றார்கள். அவள் கால்விரல்கள் வெளுத்துக்கொண்டு வந்தன.

தஞ்சாவூர் வண்டி இன்னும் கிளம்பவேயில்லை என்று தெரிந்த சற்று நேரத்தில், வராந்தாவின் கோடியில் அந்த அக்காவே வந்தார். ஊதா நிறச் சேலை, கையில் ஜெபமாலை. நான் எழுந்திருக்கவில்லை.

"ஜெபம் பண்ண வந்தீங்களா? உள்ள விடமாட்டாங்க" என்றேன்.

அவர் என்னைத் தாண்டி நேரே இரத்த வங்கிக்குள் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். பின்னாலேயே போனேன். இரத்த வங்கி அம்மா மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?

"இப்பத்தான். பஸ் ஸ்டாண்டுல பாய் கடையில. ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட், சால்னா. மறைச்சு ஒண்ணும் திங்கல. வாசப்பக்க பெஞ்சிலதான் உக்காந்தேன். நம்ம கோவிலாளு மூணு பேரு பாத்துட்டுப் போறாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"மவன் பொறந்தப்பவே எனக்கும் ஓ நெகட்டிவுன்னு சொல்லி ஊசி போட்டாங்க சார். தம்பிக்கும் எனக்கும் ஒரே ரத்தம். அவனுக்கு வேணாம்னு சொன்னது நானு. சொல்லிட்டு ஜெபமாலய எடுத்தா ஒரு மணி நகரமாட்டேங்குது. நாளைக்கு நீங்களே குரூப்புல போடுங்க, பெரிய வெள்ளியன்னைக்கு இவ பரோட்டா தின்னான்னு. இப்ப வந்து இந்தக் கையக் கெட்டியாப் புடிங்க. எனக்கு ஊசின்னா பயம்."